போனஸ் ட்ராக்

செக்காலை ரோட்டுக் கடைக்கு வந்து
கையெழுத்துக் கேட்டார் கூரியர்க்காரர்.
அட்டைப்பெட்டிக்குள் நாங்கள் நால்வர்,
மறுவெளியீடு, நூற்றெண்பது கிராம்.
எண்பத்திரண்டில் விற்ற கேஸட் பதினொன்று;
அதில் மூன்று சவரிமுத்துவின் அத்தை வாங்கியது.

இரைச்சலையெல்லாம் துடைத்துவிட்டார்களாம்.
துடைத்ததில்
என் டிரம்ஸ் பிந்தி விழுவது
பளிச்சென்று கேட்கிறது.

பி பக்கம் கடைசியில் புதிதாய் ஒன்று,
நாங்கள் வாசிக்காதது:
டேப் ஓடுவது தெரியாமல்
ஸ்டூடியோ வாடகைக்காக
நானும் வயிரவனும் போட்ட சண்டை.
“நாப்பது ரூவாதானடா, நாளைக்குத் தர்றேன்”
என்கிறான் இடப்பக்க ஸ்பீக்கரில்,
செத்து ஒன்பது வருஷமானவன்.

உமையாள் கால்குலேட்டரைத் தட்டுகிறாள்,
கூட்டு வட்டிக்கு என்ன வருமென்று.
இரு, அப்புறம் பார்க்கலாம்.
ஊசியைத் தூக்கி
நாப்பது ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னால்
வைக்கிறேன்.