முப்பத்து நாலு

லோகாம்பாள் செர்டாங்கிலிருந்து போன் போட்டு
ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்:
"அவரு கை சில்லிட்டுப் போயிருச்சுண்ணே."
பிறகு லைன் அறுந்தது, அல்லது அவள் அழுதாள்.
செம்பனை மில்லுக்குள் நின்றுகொண்டு
இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாது.

நம் பாஷையில் அந்த வார்த்தைக்கு
ஒரே அர்த்தம்தான்.

மொசாரப் என் முகத்தைப் பார்த்ததுமே
தலையிலிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றினான்.
பத்து நிமிடம் ஆகியிருக்காது,
பகாவ் பாசாரில் மீன் வெட்டுகிறவன் வரை
சேதி போய்விட்டது.
கேனோப்பி வாடகைக்கு விடும் சங்கிலிமுத்து
"எத்தனை நாற்காலிண்ணே?" என்றான்.
நூறு என்றேன்.
இதைக் குமரவேலுவிடம் நான் சொல்லவேயில்லை.

இருபத்திரண்டு வருஷம்
அவன் பாய்லருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
சுள்ளென்ற வெயிலை அவன் நிழல் என்பான்.
அன்று நார் தள்ளும் வாசலருகில்
"முதுகுல யாரோ துணி கிழிக்கிற மாதிரி இருக்குடா" என்று
பாதி உட்கார்ந்து பாதி விழுந்தான்.
விழும்போது அவன் கை நீண்டது
என் பக்கம் அல்ல,
தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியின் பக்கம்.

ஆறு மணிக்கு மறுபடி போன்.
டாக்டர் வந்து பேசிவிட்டாராம்.
"வேணும்னேதான் குளிர வச்சிருக்காங்கண்ணே.
முப்பத்து நாலு டிகிரி.
அடியில தண்ணி ஓடுற போர்வை.
நெஞ்சுக்குள்ள பெரிய குழாயை வெட்டி எடுத்துட்டு
துணியில செஞ்ச குழாய் வச்சுத் தைச்சிருக்காங்க.
தைக்கையில தலைக்கு ரத்தம் கொஞ்ச நேரம் நின்னிருந்துச்சாம்.
உடம்பு ஆறியிருந்தா
மூளை கொஞ்சமாத்தான் கேக்குமாம்."

"துணியிலயா?" என்றேன்.
அதை மட்டும்தான் கேட்கத் தெரிந்தது.

சங்கிலிமுத்து அதற்குள் நாற்பது இறக்கியிருந்தான்.
ஏத்துடா என்றேன்.
ஏன் என்று கேட்காமல் ஏற்றினான்;
லாரி வாடகை மட்டும் அறுபது வெள்ளி.

மறுநாள் ராத்திரி ஷிப்ட்.
எட்டு மணிக்கு லோகாம்பாள்:
"சூடு ஏத்த ஆரம்பிச்சாச்சு.
மணிக்குக் கால் டிகிரிதானாம்.
இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரில இவ்ளோ மெதுவா?
நான் போய்ச் சண்டை போடட்டுமா?"

எங்கள் பாய்லர் சுவரில்
எண்ணெய்ப் புகை ஏறிய ஒரு பலகை உண்டு.
சிவப்பு எழுத்தில் 'பெர்லாஹான்' என்று மட்டும் இருக்கும்.
மெதுவாக.
ஆறிக் கிடக்கும் பாய்லரை அவசரப்பட்டுச் சூடேற்றினால்
குழாய்தான் முதலில் சொல்லும்;
சொன்ன பிறகு கேட்க ஆள் இருக்காது.

"போடாதே" என்றேன்.
"மிசி காலில் வேணும்னாலும் விழு,
அவசரப்படுத்தாதே."

மிசி சொல்லச் சொல்ல வாட்ஸ்அப்பில் வந்தது:
முப்பத்து நாலு புள்ளி மூணு.
நடுங்காமலிருக்க மருந்து போகுது.
முப்பத்து நாலு புள்ளி ஆறு.
கண் இமை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, இல்லை போல.
முப்பத்தஞ்சு.

லாக் புக்கில், ஸ்டீம் அழுத்தம் எழுதும் கட்டத்துக்கு வெளியே
பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன்.
விடிகாலையில் என்சிக் ரோஸ்லான் புரட்டிப் பார்த்து
விரலை வைத்துக் கேட்டார், இது என்ன, இவ்வளவு கம்மியாக?
அது வேற பாய்லர் என்றேன்.
அவர் அழிக்கச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து
பஸ் ஸ்டேஷன் கோப்பிக் கடை.
உச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை,
மேல் பட்டன் வரை பூட்டியிருக்கிறான்.
"அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லு" என்கிறான்.
வார்த்தைகள் சில இன்னும் தாமதமாக வருகின்றன,
வரும்வரை கோப்பித் தட்டைத் திருப்புகிறான்.
தற்செயலாகப் படுவதுபோல் அவன் கையைத் தொட்டுப் பார்க்கிறேன்.
எல்லோர் கையையும் போலத்தான் இருக்கிறது.

"சங்கிலிமுத்து சொன்னான்" என்கிறான்.
நான் தலை நிமிரவில்லை.
"நூறுதானாடா?
எனக்கு இருநூறாவது போட்டிருக்கலாம்."