பதினேழாம் எண்

யால்மாரிக்கு ஐம்பத்திரண்டு வயது.
மனசுக்குள் எது நடந்தாலும்
அதற்கு அவனிடம் ஒரே சொல்:
பஸ்.

கயானியில் ஜனவரி. மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிடும்.
எட்டுப் பேர் வாழும் இந்த வீட்டில்
சமையலறை விளக்கை யாரும் அணைப்பதில்லை.

தலைநகரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது.
பச்சை முகம், மஞ்சள் முகம், சிவப்பு முகம்.
இப்போது நீ எந்த முகம் என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள்.
யால்மாரி ஓரம் பிசகாமல் நிறவாரியாக அடுக்கினான்,
பிறகு சிவப்பைக் கடித்துப் பார்த்தான்.
ஹில்க்கா எல்லாக் கேள்விக்கும் பச்சையைக் காட்டினாள்.
அழுதுகொண்டே காட்டினாள்.

நான் பதிவேடு எழுதுகிறவள்.
நேரம், நிகழ்வு, காரணம்: மூன்று கட்டங்கள்.
மூன்றாவதில் பல மாதங்களாக
ஒரு கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

போன செவ்வாய், இரவு ஒன்பது பத்து.
ஒரு கோப்பை சுவரில் சிதறியது.
அடுத்தது என் காதை உரசிப் போனது.
குரலைத் தாழ்த்து, கைகளைக் காட்டு, வாசலை மறைக்காதே,
பயிற்சியில் படித்த அத்தனையும் போயிற்று.
தரையில் உட்கார்ந்தேன்.
முழங்கால் நடுங்கியது, அதனால்தான்.

பஸ், என்றான். பஸ். பஸ். பஸ்.
ஆறு வருடமாகக் கேட்கும் சொல்.
ஆறு வருடமாக என் பதிலும் ஒன்றே:
இந்நேரத்துக்குப் பஸ் கிடையாது, யால்மாரி.

அன்றைக்கு ஏனோ வாய் தவறி வேறு வந்தது.
"எந்த எண்?"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.
மூன்றாவது கோப்பை அதில்.
"பதினேழு."
"எங்கே போகும் பதினேழு?"
"போகாது. வரும்.
வந்து, நிற்காது."

அவன் தூங்கியபின் கோப்பைப் புரட்டினேன்.
செவ்வாய்தோறும் அக்கா வந்துகொண்டிருந்தாள்.
அக்டோபரோடு நின்றிருக்கிறது.
"உறவினருக்கு உடல்நலக் குறைவு." ஒரே வரி.
அவனிடம் யாரும் சொல்லவில்லை.
அந்த வரிக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து.

இப்போது குளிர்பெட்டியின் மேல் ஒரு கால அட்டவணை.
நாலாம் எண் பசிக்கிறபோது கிளம்புவது.
ஒன்பதில் ஆள் பிதுங்கும், ரேடியோ அலறும்,
உடனே நாங்கள் அறையைக் காலி செய்ய வேண்டும்.
முப்பத்தொன்று எங்கே போகிறது என்று
அவனுக்கே தெரியாது,
போர்வையைக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தால் போதும்.
பதினேழுக்கு ஒன்றும் செய்ய முடிவதில்லை.
அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டோம்.
அவன் நிற்கிறான், கூட நிற்கிறோம்,
சில நாள் முக்கால் மணி நேரம், வராந்தாவில், செருப்போடு.

கோப்பைகள் குறைவாக உடைகின்றன
என்று எழுத ஆசை. எண்ணவில்லை.

நேற்று ஹில்க்கா சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்:
"எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, குமட்டும்.
நான் படகு வைத்துக்கொள்ளலாமா?"

பணி முடிந்து காலை ஏழுக்கு
நிறுத்தத்தில் நின்றேன். மைனஸ் இருபத்திரண்டு.
காதருகே இன்னும் அந்தக் கோப்பை பறந்துகொண்டிருந்தது.
வண்டி வந்தது, கதவு திறந்தது.
ஏறவில்லை.
"இது நிறைந்திருக்கிறது" என்றேன் ஓட்டுநரிடம்.

அவர் திரும்பிக்
காலி இருக்கைகளைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
கதவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்,
உள்ளிருந்த வெப்பமெல்லாம்
தெருவில் இறங்கிப் போக.