காந்தம் ஒட்டாத இடங்கள்

முன்மூடியைத் திறந்து ஏமாறாதீர்கள், முஸ்யே ஓவாரோ.
அங்கே ஒரு ஸ்டெப்னி, ஓர் எறும்புப் புற்று, அவ்வளவுதான்.
சிம்காவுக்கு எஞ்சின் பின்னால்.
சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருக்குமாமே, அப்படி.

அறுபத்தைந்தாம் வருஷத்து வண்டி. கூப்பே.
கூப்பே என்றால் வெட்டியது, உங்களுக்கே தெரியும்.
வெட்டியதில் போனது பின் இருக்கை.
ஒரு கைப்பை உட்காரலாம்.
என் மாமியார் ஒருமுறை உட்கார்ந்தார், செங்-லெ வரை.
திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்.

இடது விளக்கில் மைனா கூடு கட்டியிருக்கிறது.
குஞ்சுகள் பறந்தபின் எடுத்துக்கொள்ளுங்கள்,
அல்லது கூட்டோடு. விலை ஒன்றுதான்.

ஓவாரோ பேசவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தம் எடுத்தார்,
அன்னாசி வடிவம், ஃப்ரிட்ஜில் ஒட்டுவது.
கதவின் அடியில் வைத்தார், விழுந்தது.
சக்கர வளைவில், விழுந்தது.
கூரையோரம், அங்கேயும்.
விழுந்த ஒவ்வொரு முறையும்
எதாங்-சலேயின் கறுப்பு மணல் ஒட்டி
தாடி முளைத்து எழுந்தது.
எங்கள் மணலில் இருக்கிற இரும்புகூட
இந்த வண்டியில் இல்லை.

'பட்டி' என்றார்.
பட்டிதான், என்றேன். கடல் முந்நூறு மீட்டர்.
தினமும் வந்து கொஞ்சம் நக்கிவிட்டுப் போகிறது.

வலது கதவில் மட்டும் டப்பென்று பிடித்தது.
அவர் முகம் மலர்ந்தது.
அது இதன் கதவே இல்லை, என்றேன்.
லெ போர் காயலாங்கடையில் வாங்கியது.
உள்ளே சுரண்டினால் பச்சை.

இதெல்லாம் ஜெரார் சொல்லவேண்டியது.
அவருக்குக் குறை சொல்ல வராது, விலை சொல்லவும் வராது.
திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறார்,
செருப்பு தெரிகிறது.

கழற்றியது அவர்தான். தொண்ணூற்றெட்டில்,
பிரேக்கிலிருந்து தொடங்கி.
ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு தயிர்க் கப்பில் போட்டு
பெயர் எழுதி ஒட்டினார்.
பெயர்களைப் பூச்சி தின்றுவிட்டது.
கப்புகள் இருக்கின்றன, இருநூற்றுப் பதினொன்று.
எது எங்கே போகும் என்று கேட்டால்
'அடுத்த வருஷம்' என்பார்.
அதைக் கேட்டே என் தலை நரைத்தது.

ஆயிரத்து நானூறு யூரோ, என்றேன்.
தொள்ளாயிரம், என்றார்.
திரைச்சீலை இருமியது.
ஆயிரம்.
சரி.

டிரெய்லரில் ஏற்றும்போது
ஒரு கப் கூடக் கவிழவில்லை.
ஜெரார் வெளியே வந்து
கயிற்றை இழுத்துப் பார்த்தார், இரண்டு முறை.
ஓவாரோவுக்குக் கை கொடுக்க மறந்தார்.
வண்டி நின்ற இடத்தில்
புல் முளைக்காத நீளச் சதுரம்.
அதன்மேல் அன்றைக்கு நாங்கள் யாரும் நடக்கவில்லை,
சுற்றிப் போனோம்.

காலையில் பால் எடுக்கப் போனேன்.
ஃப்ரிட்ஜ் கதவில் அன்னாசி.
ஓவாரோ மறந்துவிட்டுப் போயிருக்கவேண்டும்.
அதன் வாலில் தொங்குகிறது
ஒரு போல்ட், நன்றாகத் துடைத்தது.

எதனுடையது என்று நான் கேட்கவில்லை.
காபி ஆறுவதற்குள் குடித்தோம்.