கடைப்பிடி

பலகையின் இரு முனைகளையும்
மேசைமீது அசையாமல் கவ்விக்கொள்ளும் கருவிக்குத்
தமிழில் ஒரு பெயர் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.
ஜெலுத்தோங் கடையில் தியோ 'வைஸ்' என்பார்,
இரு உள்ளங்கைக்கு நடுவே காற்றை இறுக்கிக் காட்டுவார்.
நான்தான் பஸ்ஸில் திரும்பும்போது
கடைசி முனையில் பிடிப்பது, ஆகவே கடைப்பிடி
என்று வாய்விட்டுச் சொல்ல,
பக்கத்து இருக்கைப் பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.
பள்ளிச் சுவரில் 'ஒழுங்கைக் கடைப்பிடி' என்று
ஆறு வருடம் படித்த சொல்.
அதற்குள் ஒரு திருகாணி இருந்தது அப்போது தெரியாது.

மேசை முடிந்து ஐந்து வாரம்.
லாரித் தளத்திலிருந்து கழற்றிய கெம்பாஸ்,
ஆணித்துளைகளில் இன்னும் துருவின் கறுப்பு.
எட்டாவது மாடி, பின்பக்க நடை.
மேசை முடியும் இடத்துக்கும் குளியலறை நிலைக்கும் நடுவே
இருபத்திரண்டு அங்குலம்.
என் யோசனை முழுவதும் அதற்குள்தான்.

முதலில் வால் வைஸ்.
வார்ப்பிரும்பு, பதினான்கு கிலோ, அறுநூற்று நாற்பது ரிங்கிட்.
துறைமுகக் கிடங்கில் யாருக்கும் வால் பிடிக்காததால்
சேர்ந்த நாளின் நாற்காலியிலேயே இருப்பவன் நான்.
"நல்ல சாமான். ஐந்து வருடத்தில் வால் தொங்கும்" என்றார் தியோ,
விற்கிறவர் சொல்லக்கூடாததை.

அடுத்தது, சட்டென வாய் திறக்கும் சாதாரண இரும்பு.
மலிவு. ஓரத்தில் கடித்தால் கோணும்.

மூன்றாவது, மேசைக்குள்ளேயே ஒளிந்திருப்பது.
வெளியே சின்னக் கைச்சக்கரம் மட்டும்.
உள்ளே பள்ளத்தில் ஒரு மரக்கட்டை
பெட்டி கழன்ற ரயில்போலப் போய்வரும்.
அதற்கு, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பலகையில்
நீளமாகக் குழி வெட்டவேண்டும்.

மனம் வரவில்லை.
அட்டையில் ஒரு வால் வைஸ் செய்தேன்:
மைலோ டின்கள் வந்த பெட்டி, பழுப்பு டேப்,
கைப்பிடிக்குத் துடைப்பக் கம்பு.
ஒரு வாரம் இருக்கட்டும், உடம்பு சொல்லும் என்று
மேசை முனையில் ஒட்டிவைத்தேன்.

திங்கள் தவமலர் இடுப்பில் இடித்துக்கொண்டாள்.
செவ்வாயும்.
புதன் அவள் இடிக்கவில்லை.
இருட்டில், விளக்குப் போடாமல்,
இல்லாத இரும்புக்கு வழிவிட்டு
இடுப்பை ஒடித்து வளைந்து போனாள்.
நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது.
வியாழன் கம்பில் அவள் வேலைக்குக் கொண்டுபோகும் பை தொங்கியது.
வெள்ளி, குளியலறை ஈரத்தில் அட்டை ஊதி
வால் தொங்கிவிட்டது.
தியோவின் ஐந்து வருடம், ஐந்தே நாளில்.

ஓர் அட்டைப்பெட்டிக்கு மூன்றே நாளில்
நடையை மாற்றிக்கொள்கிறவள்
இந்தப் பதினாறு வருடத்தில்
வேறு எதற்கெல்லாம் வளைந்திருப்பாள்?
கேட்கலாம் என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.
குழி வெட்ட ஆரம்பித்தேன்.

கெம்பாஸ் லேசில் விடாது.
ஓர் இரவில் மூன்று முறை உளி தீட்டினேன்.
'பத்து மணிக்கு மேல் தட்டவேண்டாம்' என்று
மலாயில் எழுதி, அடியில் சிரிக்கும் முகம் வரைந்து
ஏழாம் மாடி அஸ்மா லிஃப்டில் ஒட்டியிருந்தார்.
பத்துக்கு மேல் அரத்தால் தேய்த்தேன்.

முதல் பலகை நியாத்தோ, சுண்டுவிரல் கனம்.
இரண்டு முளைகளுக்கு நடுவே கிடத்தித் திருகினேன்.
நின்றது.
இன்னும் கால் சுற்று, ஆசைக்கு.
நடுவில் மெல்லப் புடைத்து எழுந்தது பலகை,
அடியில் ஒரு ரசீது நுழையும் அளவு.
அந்தக் கால் சுற்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
படிந்தது.

"பிடிச்சிருக்கா?" என்றாள்,
குளியலறையிலிருந்து நேராக நடந்து வந்து,
ஈரத் தலையோடு.
பலகையைக் கேட்டாளா என்னையா, தெரியவில்லை.
தட்டிக் காட்டினேன்.

பையை மாட்டத்தான் இடமில்லாமல் போச்சு என்றாள்.
அதனால் அந்த அட்டை வைஸ் இப்போது
செருப்பு அலமாரிக்கு மேலே, சுவரில்,
புது டேப் சுற்றி,
ஒரு பையும் ஒரு குடையுமாக.
கொஞ்சம் தொங்குகிறது.