நாற்பத்தொன்றாவது மரம்

கெர்மென்ஜிக்கில் இலெக் சந்தை
இருட்டில் கூடி, வெயில் ஏறுமுன் கலைந்துவிடும்.
இலெக் என்றால் ஆண் அத்தி.
தின்ன ஆகாது, பஞ்சுச் சக்கை.
ஜூனில் பதினைந்து நாள் மட்டும்
கேட்ட விலை.

முஸெய்யென் கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒன்றைப் பிட்டுப் பார்க்கிறாள்.
உள்ளே பழுப்பு.
கூடையிலேயே திருப்பிப் போடுகிறாள்.
வியாபாரி ஹய்ரெத்தின் முகம் சுளிக்கிறான்.
அடுத்ததைப் பிட்டால்
மஞ்சள் துகளுக்கு நடுவே
அத்தனையும் பூச்சி.
"இதில் இரண்டு கிலோ போடு."

பூச்சி கிளம்புமுன் தோட்டம் போயாக வேண்டும்.
மொபெட்டின் பின்னால்
வெள்ளைப் பை மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது.

கோரையில் கோத்து, மரத்துக்கு ஐந்து.
கூடினால் பழம் வெடிக்கும், குறைந்தால் பிஞ்சு உதிரும்.
நாற்பது மரமும் சாரிலோப்,
இலையைத் தடவியே சொல்லிவிடுவாள்.
நாற்பத்தொன்று வாய்க்கால் ஓரம் தானாய் முளைத்தது.
ஐந்து விரல் இலை, நீண்ட கழுத்து,
காயின் கண்ணில் மட்டும் ஒரு சிவப்பு.
ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.
"கறுப்பு இனம். பூச்சி எதற்கு, தானே காய்க்கும்"
மைத்துனன் ஸெக்கி.
"பூச்சியில்லாமல் ஒன்றும் நிற்காது"
அடுத்த தோட்டத்து நெவ்ரெஸ்.
பந்தயம் ஒரு பெட்டி சோடா.

முஸெய்யென் அதில் ஒரு கிளையை மட்டும்
கிழிந்த கொசுவலையின் நல்ல பாதியில்
மூட்டை கட்டினாள்.

பூச்சிக்கும் இனம் தெரிவதில்லை.
மணம் ஒன்றுதான்; ஆணா பெண்ணா என்று
வாசலில் எழுதியில்லை.
கண் வழியே தலையை நுழைக்கையில்
இறக்கைகள் வெளியே நின்றுவிடும்.
ஆண் அத்தியானால் முட்டைக்கு இடமுண்டு.
பெண் அத்தியானால் சூல்தண்டு நீளம்,
எட்டாது.
பூப்பூவாக முயன்று பார்த்து
மேலெல்லாம் அப்பிவந்த மகரந்தத்தை
அங்கேயே இறக்கிவிட்டு
இருட்டில் ஓய்ந்துபோகும்.
பூக்கவே இல்லை என்று
நாம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான்
இவ்வளவும்.
அந்தத் தவறைத்தான்
காயவைத்துப் பெட்டியில் அடுக்குகிறோம்.

ஜூலைக் கடைசியில் வலையை அவிழ்த்தாள்.
பதினொரு பிஞ்சு. பதினொன்றும்
வலையின் அடியில், வெளிறி, சூம்பி.
பக்கத்துக் கிளை தாழ்ந்திருந்தது.

ஸெக்கி சோடா வாங்கப் புறப்பட்டான்.
வேலியருகே நின்று கேட்டான்:
"சரி, அப்படியானால் இதற்கு என்ன பெயர்?"

அடிமரத்துச் சுண்ணாம்பில்
அடுப்புக் கரியால் முஸெய்யென் எழுதினாள்:
5.
கிளையை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.
புறங்கையால் அழித்தாள்.
6.