எடைமேடைக்கு மேற்கே

ஜெகதேவி ரோட்டில் கல் லாரிகளுக்கு
எடைச்சீட்டு கிழித்துத் தருகிறவள் நான்.
ரெண்டு மணிக்கு மேல் வெயில்
கதவைத் தாண்டி என் நாற்காலிக்கே வந்துவிடும்.
வரிசையில் நிற்கும் டிரைவர்களுக்கு
லாரிக்கு அடியில்தான் நிழல்.

போன சித்திரைக்கு முந்தின சித்திரையில்
கிளீனர் பையன் படுத்திருப்பது தெரியாமல்
ஒரு வண்டி நகர்ந்தது.
ஒரு சாண்தான்.
அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான்.
எனக்கு அன்று முழுக்க எண்கள் தெரியவில்லை.

பர்கூர் நர்சரியில் சம்பங்கியிடம் சொன்னேன்:
மேலே மின்கம்பி.
கீழே ரெண்டடியில் பாறை.
போர் தண்ணீரில் டீ போட்டால் திரியும்.
நாள் முழுக்கக் கல்மாவு.
"ஆடு?"
அதுவும் உண்டு.
"மரம் தேடுறீங்களா, மாப்பிள்ளை தேடுறீங்களா?"

தூங்குமூஞ்சி சீக்கிரம் வரும்,
ஆடிக் காற்றில் முறிந்து கம்பிமேல் விழும்.
அரசு வேண்டவே வேண்டாம்;
வேர் மேடையைத் தூக்கிவிட்டால்
நான் எழுதுகிற டன் அத்தனையும் பொய்.
வேம்பு என்றேன்.
"ரெண்டு வருஷமா நுனி கருகுதே, பாக்கலையா?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
யாரும் வாங்காத ஒரு புங்கன்
கறுப்புப் பையைக் கிழித்துத்
தரைக்குள் இறங்கியிருந்தது.
"மாசியில மொட்டையாகும், பயந்துடாதீங்க.
பங்குனியில, நமக்கு வேணுங்கிறப்ப, தளதளன்னு வந்துடும்.
ஆடு மோந்துட்டுப் போயிடும்."
வேரை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.
எண்பது ரூபாய். பேரம் பேசினேன், அறுபது.

மேடையிலிருந்து இருபதடி மேற்கே
கடப்பாரை தெறித்தது.
எடைக்கு நின்ற திம்மராயன்
கம்ப்ரசரை இறக்கித் துளை போட்டார்,
ஆப்பு அடித்துப் பாறையைப் பிளந்தார்.
கூலி வேண்டாமாம்,
அடுத்த சீட்டில் நாற்பது கழிக்கணுமாம்.
கழித்தேன். முதலாளிக்குத் தெரியாது.

வெந்நீராகிப்போன பாட்டில்களின் மிச்சத்தை
டிரைவர்கள் அதற்கு ஊற்றினார்கள்.
சிலர் இலையில் ஊற்றினார்கள், தூசி போகட்டும் என்று.
முதல் மாசியில் செத்துவிட்டது என்றே நினைத்தேன்.
நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன்:
பச்சை.

இப்போது அதன் நிழல்
ஒரு போர்வை அகலம்.
ஒட்டிப் படுத்தால் ரெண்டு பேர்.
மூணாவது ஆள்
இன்னும் லாரிக்கு அடியில்தான்.
பச்சை விளக்குப் போடும் முன்
வெளியே வந்து
குனிந்து பார்க்கிறேன்.