அழுத்து, விடு, திருப்பு

எங்கள் வீட்டில் ஒருவர் மூடுபவர்,
ஒருவர் வெட்டுபவர்.
ஸ்வீடனில் போரோஸ். ஆற்றோரம் மூன்றாம் மாடி.
டிசம்பரில் மூன்று மணிக்கே விளக்குப் போடும் ஊர்.

அப்பா டோர்கெல் மாத்திரைப் புட்டிக்கு மூடி வரைவார்.
கிழவருக்குத் திறக்க வேண்டும்,
குழந்தைக்குத் திறக்கக் கூடாது.
மூடி ஒன்றுதான்.

சோதனை நாளில் பாலர் பள்ளிக்குப் போவார்.
இரண்டிரண்டு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்த்தி
ஆளுக்கொரு காலிப் புட்டி, ஐந்து நிமிடம்.
பிறகு ஒருமுறை திறந்து காட்டி,
"பல்லையும் வைக்கலாம்" என்று அனுமதி தந்து
இன்னும் ஐந்து நிமிடம்.
அவர் குறிப்பேட்டில் இருக்கிறது:
ஏழாம் எண், கடித்தான்.
ஒன்பதாம் எண், அழுதாள்.
பதினொன்று, புட்டியைத் தூங்கவைத்தது.
நூறு பேரில் பதினெட்டுப் பேர் திறந்துவிட்டார்கள்.
அன்றிரவு அப்பாவுக்கு
உருளைக்கிழங்கு தொண்டையில் நின்றது.

அம்மா குன்வோர் ஆலையில் துணி வெட்டுகிறவள்.
வெட்டுவது மெஷின். அவள் பக்கத்தில் நிற்பாள்.
மருத்துவமனை அங்கிக்கான பச்சைத் துணி,
ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது அடுக்கு.
மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து
அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால்
மூச்சடக்கிப் பலகையாகிவிடும் துணி.
கைக்குப் பக்கத்தில் கை,
கழுத்துக்கு இடுக்கில் பை,
ஈ நுழைய இடமில்லாமல் அடுக்கித் தரும் கம்ப்யூட்டர்.
அப்படியும் மிஞ்சும்.
துண்டுகளை எடுத்தபின் மேசைமேல் கிடக்கிற ஓட்டைத் துணியை
அம்மா ஒருநாள் கொண்டுவந்து சன்னலில் மாட்டினாள்.
உடம்புகள் போன பிறகு
உடம்புகளுக்கு நடுவே இருந்தது.
அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சம் வருகிறதாம்.

எனக்கு நாலு வயது.
புது மூடியைச் சமையலறைத் தரையில்
பதினொரு நொடியில் திறந்தேன்.
என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை,
சொந்தக்காரர்கள் கூடாதென்று விதி.

பாத்திரம் துடைத்தபடி அம்மா சொன்னாள்:
"அழுத்திக்கிட்டே திருப்புறா, பாத்தியா.
எங்க கத்தி மூலைக்கு வந்தா அப்படித் திரும்பாது.
மேல எழும்பும். காத்துல திரும்பும். மறுபடி எறங்கும்.
எழும்பாமத் திரும்புனா அறுபது அங்கியும் போச்சு."

அப்பா முள்கரண்டியை வைத்துவிட்டார்.

"அழுத்தி, கையை எடுத்து, அப்புறம் திருப்பற மாதிரி வச்சா?"

"அதுகூடப் பழகிடும்."

"பழகாது. பிடிச்சதை விடற வயசா அது?"

பதினான்கு மாதம் ஆனது.
மூடிக்குள்ளே ஒரு சுருள்வில்,
கையை எடுத்தால் மட்டும் நாலு நொடி இளகும்.
பாலர் பள்ளியில் நூறு பேரில் இரண்டே பேர் திறந்தார்கள்,
அதில் ஒருவன் தும்மியதால்.

காப்புரிமைத் தாள் தடித்த உறையில் வந்தது.
கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர்.
அம்மா நின்றுகொண்டே கடைசிப் பக்கம்வரை படித்தாள்.
மூன்றாம் படத்தில் ஒரு கை மூடியை அழுத்துகிறது.
வளைந்த சுண்டுவிரல், கட்டை நகத்தில் பிளவு.
மோதிரத்தை மட்டும் விட்டுவிட்டிருந்தார்.
"இது யார் கை?" என்று கேட்டாள்.
"சும்மா, ஒரு கை" என்றார் அப்பா.
அவள் அந்தக் கையால் உறையை ஒட்டினாள்.

அதன்பின் முதியோர் சோதனை.
எழுபது வயதுக்காரர்கள், சர்ச் மண்டபத்தில், காபியோடு.
அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டே திருப்பினார்கள்.
"கையை எடுங்க" என்றார் அப்பா.
தலையாட்டிவிட்டு இன்னும் இறுக்கினார்கள்.
ஹியால்மர் ஓக்வ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர்
புட்டியைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு
வீட்டுக்கே போய்விட்டார்.
கம்பெனி கைவிட்டது.

நாலு பெட்டி மூடிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன.
ஒன்றில் அம்மா மெஷினின் தேய்ந்த கத்திமுனைகளைப் போட்டு வைத்தாள்.
எனக்கு எட்டாத இடத்தில் வைக்கத் தேவையில்லை என்றாள்.
உண்மைதான், முயன்றிருக்கிறேன்.

அந்தப் புட்டி இப்போது என்னிடம்.
உள்ளே கத்திகள் கிலுகிலுக்கின்றன.
எனக்கு வயது ஐம்பத்தொன்று, வழியும் தெரியும்.
அழுத்தியிருக்கிறேன்.